சகலனும் கண்ணாடிக் கூரையும்

கராஜின் உருட்டுக் கதவை டொமினிக் கீழே இழுத்து மூடினான். வெளியே பட்டப்பகல், உள்ளே குகை இருட்டு. நிலத்தில் வைத்திருந்த ஒற்றை மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, இடுப்பில் கை ஊன்றி அண்ணாந்து பார்த்தான்.

கூரை முழுவதும் கண்ணாடி. தீப்பெட்டி அளவில் வெட்டிய சின்னச் சின்னத் துண்டுகள், ஊசி நுழைய இடமில்லாமல் ஒட்டப்பட்டிருந்தன. அத்தனை கண்ணாடியிலும் சேர்த்துத் தெரிந்தது ஒரே ஒரு சுடர்.

இடப்பக்கம் ஒரு அடி வைத்தான். மேலே இருந்த சுடரும் வளர்த்த நாய்க்குட்டி போலப் பக்கத்துக் கண்ணாடிக்குத் தாவி அவனோடு வந்தது. பின்னால் போனான், அதுவும் பின்னால் வந்தது. மற்றக் கண்ணாடிகளெல்லாம் தங்களுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோலக் கறுத்துக் கிடந்தன.

வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு வரும் கதவு திறந்தது. பேர்ணடெட் தலையை மட்டும் நீட்டினாள்.

"இஞ்சருங்கோ, சோறு ஆறுது. எத்தினை நட்சத்திரம் வந்திருக்கு?"

"ஒண்டு."

"ஒண்டெண்டால் அதுக்குப் பேர் நட்சத்திரம் இல்லை. கராஜ் லைட்." அவள் சிரித்தாள். பிறகு, உப்புக் காணாது என்று சொல்லும் அதே சாதாரணக் குரலில், "கவியை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன். அவர் உதுகளை நேர போய்ப் பாத்தவர்தானே" என்றாள்.

"நானும் நேர பாத்தனான். உம்மோடதான் பாத்தனான்."

"ஓம், பாத்தனீங்கள். இல்லையெண்டு சொன்னனானே?"

கதவு மூடியது. அந்தக் காற்றில் மெழுகுதிரி அணைந்தது. மேலே இருந்த ஒரே நட்சத்திரமும் போய்விட்டது.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன், நியூசிலாந்து விசாவுக்காக டெல்லியில் காத்துக் கிடந்த நாட்களில், புதிதாகக் கலியாணமான இரண்டு பேரும் பஸ் ஏறி ஆம்பர் கோட்டை பார்க்கப் போயிருந்தார்கள். மொகலாயர் ஆக்ராவிலும் லாகூரிலும் கட்டிய கண்ணாடி மாளிகைகளின் மோகத்தில், அவர்களோடு சம்பந்தம் செய்த ராஜபுத்திர அரசர்கள் தங்கள் கோட்டையிலும் ஒன்று கட்டிக்கொண்டார்கள். ஷீஷ் மஹால் என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் சனத்தை உள்ளே விட்டார்கள். வழிகாட்டி கதவைச் சாத்தினான். ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தித் தலைக்கு மேல் தூக்கி, மெல்ல அசைத்தான். கூரையெங்கும் நட்சத்திரங்கள் முளைத்து ஊர்ந்தன. பேர்ணடெட் அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். மன்னாரில் கடற்கரையில் படுத்து வானம் பார்த்து வளர்ந்தவள் அவள். "கடவுளே! வானத்தைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள ஒட்டியிருக்கிறாங்கள்" என்றாள்.

"உமக்கு ஒண்டு கட்டித்தாறன்" என்றான் டொமினிக். புது மாப்பிள்ளை சொல்லும் சொல்தானே. அவளும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஓக்லாந்து வந்தார்கள். ஹில்ஸ்பரோவில் வீடு, அதற்கு மோர்கேஜ் கடன், எல்லர்ஸ்லியில் அவனுக்கு வேலை. டொமினிக் நில அளவையாளன். ஒரு தரை மட்டமாக இருக்கிறதா, ஒரு கோடு நேராகப் போகிறதா என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. கண்ணாடி மாளிகைப் பேச்சு எப்போதோ மறந்துபோயிற்று.

அதை மறுபடி கிளப்பியவன் கவிநேசன்.

கவிநேசன் பேர்ணடெட்டின் தங்கை ஜனுஷாவின் கணவன், ஆகவே டொமினிக்கின் சகலன். மலேசியாவில் ஈப்போக்காரன். பல் வைத்தியன், எப்சத்தில் பெரிய வீடு. அவன் வரும்வரை அந்தக் குடும்பத்தில் மருமகன் என்றால் டொமினிக் ஒருவன்தான். மின்குமிழ் எரியவில்லையென்றாலும் டொமினிக், கார் வாங்குவதென்றாலும் டொமினிக். கவிநேசன் வந்தபின் எல்லாரும் அவனைக் கேட்டார்கள். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி! மூக்குமுட்டக் குடித்தான், பொய் சொன்னான், பெருமை பேசினான் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெறுத்திருக்கலாம். அவனோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று வாய் நிறையக் கேட்பான். அதையும் மனசாரக் கேட்பான். பொறாமைப்படுகிறவனுக்கு இதைவிடத் துன்பம் வேறில்லை.

போன நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்பு நாளில், எப்சம் வீட்டில் சாப்பாடு. கூரை தொடும் நத்தார் மரம், அதில் அசல் கண்ணாடிப் பந்துகள், பிளாஸ்டிக் ஒன்றுகூட இல்லை. கவிநேசன் இந்தியா போய் வந்திருந்தான். ஆக்ரா, ஆம்பர் படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினான்.

"அக்கா, இத பாருங்க. சுவரு எவ்ளோ தடிப்பு தெரியுமா? வெயிலு உள்ளுக்கு வரக்கூடாதுன்னு அப்படிக் கட்டிட்டாங்க. வெயிலு வரல, சரி, வெளிச்சமும் வரலியே. விளக்க நெறைய வெச்சா மறுபடி சூடு. அதான் ஒரு விளக்க வெச்சிட்டு மத்தத கண்ணாடிகிட்ட விட்டுட்டாங்க."

பேர்ணடெட் நாடியில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை. "பிறகு?" என்றாள். கவிநேசன் சொன்னான். "ஓம், பிறகு?" என்றாள் மறுபடி.

டொமினிக் அவள் முகத்தைப் பார்த்தான். ஆம்பரில் மெழுகுதிரி வெளிச்சத்தில் பார்த்த அதே முகம். அந்த முகமும் அந்தப் "பிறகு?"வும் தன் கதைக்கு வந்து எத்தனை காலம்! தான் அளந்த சாக்கடைச் சரிவைப் பற்றி அவன் வீட்டில் கதை தொடங்கினால் அவள் துவைத்த உடுப்பை மடிக்கத் தொடங்கிவிடுவாள். இங்கே சகலனுக்கு முன்னால் கேக் துண்டு அவள் கையிலேயே காய்கிறது.

காரில் வரும்போதே முடிவு செய்துவிட்டான். ஜூலையில் அவளுக்கு ஐம்பது வயது. அதற்குள் கராஜில் ஒரு கண்ணாடி அறை. படம் காட்டுகிறவன் காட்டட்டும், கட்டித் தருகிறவன் யார் என்று பார்த்துவிடலாம்.

கட்டினான். கூரைக்குக் கீழே பலகை அடித்தான். ஒட்டியதும் ஒவ்வொரு கண்ணாடியையும் லேசர் மட்டம் வைத்துப் பார்த்தான். ஒன்று மயிரிழை சரிந்திருந்தாலும் கழற்றித் திரும்ப ஒட்டினான். கழுத்து பிடித்துக்கொண்டது. மேரி மாதா திருநாளுக்குக்கூடக் கழுத்தைத் திருப்ப முடியாமல் நேரே பார்த்தபடி கோயிலுக்குப் போனான். அந்தக் கூரையைக் கவிழ்த்துப் போட்டுப் பந்து வைத்தால் உருளாது, அவ்வளவு மட்டம். ஒரே குறை, நட்சத்திரம் இல்லை.

கண்ணாடி போதவில்லை என்று முதலில் நினைத்தான், இன்னும் ஒட்டினான். ஒரு சுடர். துண்டு பெரிதாகிவிட்டது என்று நினைத்து, ஒரு மூலையில் மட்டும் இன்னும் சின்னதாக வெட்டி ஒட்டினான். ஒரு சுடர். அது மட்டும் இப்போது துண்டு துண்டாக வெட்டுப்பட்டுத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு தங்கை குடும்பம் சாப்பிட வந்தது. கவிநேசன் கை கழுவியதும் நேரே கராஜுக்கு வந்து அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே! நீங்களேவா? ஒத்த ஆளாவா? செம்ம லா!" என்றான். பிறகு கண்ணைச் சுருக்கினான். "ஆனா அண்ணே, அங்க உள்ள கண்ணாடி வந்து..."

"எனக்குத் தெரியும் தம்பி."

"இல்ல அண்ணே, அவங்க அத எப்படிச் செஞ்சாங்கன்னா..."

"தெரியுமெண்டு சொல்லுறன். இன்னும் முடியேல்லை. முடிஞ்சாப் பிறகு பாரும்."

கவிநேசன் சிரித்தபடி தலையாட்டினான். பல் பிடுங்கக் கூடாதென்று அடம்பிடிக்கும் நோயாளிகளைத் தினமும் பார்க்கிறவன். எப்போது வற்புறுத்தக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பொறுமையைக் கண்டும் டொமினிக்குக்கு எரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு பேர்ணடெட் ஐஸ்கிரீம் வாங்கவேணும் என்றாள். "வாங்க அக்கா, நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்று கவிநேசன் சாவியை எடுத்தான். அவர்கள் போனதும்தான் தன் மெழுகுதிரிப் பெட்டி காலி என்பது டொமினிக்குக்குத் தெரிந்தது. அல்லது, உண்மையைச் சொன்னால், பெட்டி காலி என்று அவனுக்கு அப்போதுதான் அவசரமாக ஞாபகம் வந்தது. மூலையில் இருந்த டெய்ரிக்கு நடந்தான். பால், பாண் ரொட்டி, லொட்டோச் சீட்டு எல்லாம் விற்கும் சின்னக் கடை. வாசலில் சகலனின் கார் நின்றது.

அவர்கள் கடையின் பின்பக்கம் ஐஸ்கிரீம் பெட்டிக்கு மேல் குனிந்து நின்றார்கள். கூப்பிட்டிருக்கலாம். டொமினிக் கூப்பிடவில்லை. பாண் அடுக்கியிருந்த உயரமான தட்டுக்குப் பின்னால் ஒதுங்கினான். தட்டு அவர்களை மறைத்தது. தலையைத் தூக்கியபோதுதான் அதைக் கண்டான். கடையின் மேல் மூலையில், களவெடுக்கிறவர்களைக் கண்டுபிடிக்க மாட்டியிருந்த, தொந்தி போல முன்னால் புடைத்த வட்டக் கண்ணாடி. அதற்குள் சின்ன உருவமாய்ப் பேர்ணடெட், பக்கத்தில் இன்னொரு சின்ன உருவமாய்க் கவிநேசன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு விடை தெரியும். அண்ணன் சொல்ல விட மாட்டேங்குறாரே."

"விடுங்கோ கவி. அவர் அதை எனக்கெண்டு கட்டேல்லை. உங்களை வெல்லவெண்டு கட்டிறார். ராவு பகலா உங்களோடதான் கூரைக்குக் கீழ நிக்கிறார். நான் சோத்தைப் போட்டிட்டு இஞ்சால இருக்கிறன்."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் சொல்லி முடித்தபோது கண்ணாடியில் இருந்த சின்ன முகத்தில் சிரிப்பு இல்லை.

டொமினிக்குக்கு முகம் சுட்டது. அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று பிஸ்கட் பக்கம் நகர்ந்தான். கண்ணாடியில் அவர்கள் இருந்தார்கள். செய்தித்தாள் அடுக்குப் பக்கம் போனான். அப்போதும் இருந்தார்கள். இன்னும் இரண்டு அடி, வாசலுக்கே வந்துவிட்டான். அங்கிருந்தும் தெரிந்தார்கள்! அவர்களுக்கு மேலே எரிந்த குழல்விளக்கும் தெரிந்தது, ஒரு வெள்ளை அரிசி அளவில், எங்கே போனாலும் அணையாமல்.

அவன் நின்றுவிட்டான். பொறாமை ஒரு கணம் ஓரமாய்ப் போய் நின்றது. வாசலருகே வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி விற்கும் தட்டில், போட்டுப் பார்க்கவென்று ஒரு சின்னத் தட்டைக் கண்ணாடி இருந்தது. அதில் குழல்விளக்கைத் தேடிப் பிடித்தான். அரை அடி நகர்ந்தான், விளக்கு போய்விட்டது. மேலே இருந்த தொந்திக் கண்ணாடியைப் பார்த்தான், இருந்தது.

மெழுகுதிரி வாங்காமலே வீட்டுக்கு ஓடினான்.

சமையலறையில் ஜனுஷா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த எவர்சில்வர் அகப்பையை அப்படியே பிடுங்கினான்.

"அத்தான், என்ன? சோறு காணேல்லையோ?"

"பொறும், பொறும்." ஈர அகப்பையின் புறமுதுகை ஜன்னல் பக்கம் திருப்பினான். முதுகில் ஜன்னல் முழுதாய், நகக்கண் அளவில் தெரிந்தது. அகப்பையை இப்படிச் சாய்த்தான், அப்படிச் சாய்த்தான். ஜன்னல் கொஞ்சம் இடம் மாறியதே தவிர, போகவில்லை. "இஞ்ச பாரும், ஜனுஷா. தட்டைக் கண்ணாடி ஒரு பக்கத்தைத்தான் பார்க்கும். வளைஞ்சது எல்லாப் பக்கத்தையும் பார்க்கும். நாங்கள் எங்க நிண்டாலும், அந்த வளைவில ஏதோ ஒரு புள்ளி எங்களுக்கும் வெளிச்சத்துக்கும் சரி நடுவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளியிலதான் வெளிச்சம் தெரியும்!"

"சரி அத்தான். அகப்பையைத் தாங்கோ."

கூரைக்கு இத்தனை அகப்பைக்கு எங்கே போவது? மெல்லிய கண்ணாடி வேண்டும், உள்ளே வெள்ளி பூசியிருக்கவேண்டும், உருண்டையாக இருக்கவேண்டும். அப்படி ஒன்றை எங்கேயோ பார்த்திருக்கிறான். எங்கே என்று ஞாபகம் வந்தபோது வயிறு எரிந்தது. எப்சத்தில், சகலன் வீட்டு நத்தார் மரத்தில்.

வாசலில் கார் சத்தம் கேட்டது. பேர்ணடெட் ஐஸ்கிரீமோடு உள்ளே போனாள். கவிநேசன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். டொமினிக் அவன் முன்னால் போய் நின்றான். நில அளவையில் எத்தனையோ செங்குத்துச் சரிவில் இறங்கியிருக்கிறான். எதுவும் இவ்வளவு கடினமாய் இருந்ததில்லை.

"தம்பி, அவங்கள் கண்ணாடியை எப்பிடிச் செய்தவங்கள்?"

கவிநேசனின் முகம் மலர்ந்தது. "கேட்டுட்டீங்களா அண்ணே! கண்ணாடிய பலூன் மாதிரி ஊதுவாங்க. உள்ளுக்குப் பளபளன்னு பூசிட்டு, அத ஒடச்சு, அந்தத் துண்டுங்கள சுண்ணாம்புல பதிப்பாங்க. ஒவ்வொரு துண்டும் கிண்ணத்தக் கவுத்து வெச்ச மாதிரி..."

"வளைஞ்சிருக்கும்."

"ஆமா! வளஞ்சிருக்கும்! எப்படித் தெரியும் அண்ணே?"

"தெரிஞ்சிட்டுது." எப்படி என்று சொல்லவில்லை. "உம்மட நத்தார்ப் பந்துகள் எல்லாம் வேணும். திருப்பித் தரமாட்டன். உடைக்கப்போறன்."

கவிநேசன் ஒரு கணம் திகைத்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "எடுத்துக்கங்க அண்ணே. ஆனா நானும் வருவேன், ஒடைக்க."

வந்தான், எல்லாப் பெட்டிகளையும் சுமந்துகொண்டு. கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, பந்தைத் தடித்த துவாயில் சுற்றி, கரண்டியால் மெல்லத் தட்டவேண்டும். எப்சத்து மரத்தின் உச்சியில் தொங்கிய பெரிய பந்தை டொமினிக்தான் முதலில் தட்டினான். அது நொறுங்கிய ஓசையில் அவன் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு சின்னப் பூனை சுகமாய்ச் சுருண்டு படுத்ததுபோல இருந்தது. பாவம்தான். ஆனாலும் இருந்தது.

பொறாமை அத்தோடு தீர்ந்துவிடவில்லை. ஏணியில் நின்று பழைய தட்டைக் கண்ணாடிகளைக் கழற்றி, புதுத் துண்டுகளை ஈரச் சாந்தில் பதிக்கும்போது, கவிநேசன் பல் பிடிக்கும் இடுக்கியால் ஒவ்வொன்றையும் பூப்போல எடுத்து வைத்தான். அவன் வைத்தது ஒன்றும் விழவில்லை, டொமினிக் வைத்ததில் இரண்டு விழுந்தன. அதற்கும் எரிந்தது. பழக்கதோசத்தில் ஒருமுறை லேசர் மட்டத்தை எடுத்தான். கவிநேசன் அதை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினான்.

பிறந்தநாளன்று ஓக்லாந்தில் விடாத மழை. கோயிலுக்குப் போய் வந்து, கேக் வெட்டி முடிந்ததும், "நீங்க ரெண்டு பேரும் மொத போங்க" என்று கவிநேசன் கராஜ் கதவைத் திறந்து விட்டுத் தள்ளி நின்றான். அதுவும் பெருந்தன்மை. டொமினிக் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.

உள்ளே இருட்டில் பேர்ணடெட் நின்றாள். டொமினிக் திரியைக் கொளுத்தித் தலைக்கு மேல் தூக்கினான்.

அவள் மூச்சை இழுப்பது கேட்டது. கூரையெங்கும் நட்சத்திரம். பெரிதும் சிறிதுமாய், நெருங்கியும் விலகியும், ஒரு ஒழுங்கும் இல்லாமல். அவன் கையை அசைக்க எல்லாம் சேர்ந்து ஊர்ந்தன. தகரக் கூரையில் மழை கொட்டியது. அவள் அவன் கையைப் பிடித்தாள், இறுக்கி.

"ஒண்டுதானே இருந்தது. எப்பிடி இவ்வளவாச்சு? கவி சொன்னவரோ?" என்றாள்.

ஓம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். "டெய்ரியில கள்ளனைப் பிடிக்கிற கண்ணாடியில உங்கள் ரெண்டுபேரையும் பாத்துக்கொண்டு நிண்டனான். அதில கண்டுபிடிச்சனான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். தான் அன்று சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. கோபம் வருமோ என்று அவன் காத்திருந்தான். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறாள்.

"எங்க ஒளிச்சு நிண்டனீங்கள்? பாண் தட்டுக்குப் பின்னாலயோ?"

"ஓம். பிறகு பிஸ்கட்டுக்குப் பின்னால."

"கடவுளே, என்ர மனுசன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழைய கதிரையில் உட்கார்ந்து, நாடியில் கை வைத்து, அவனை நிமிர்ந்து பார்த்தாள். கூரையை அல்ல, அவனை. "சரி, சொல்லுங்கோ. பிறகு?"

டொமினிக் மெழுகுதிரியை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தான். அவசரப்படாமல் சொன்னான்.

"தட்டைக் கண்ணாடியை எத்தினை துண்டா வெட்டி மட்டமா ஒட்டினாலும், எல்லாம் சேர்ந்து ஒரே கண்ணாடிதான். ஒரு கண்ணாடியில ஒரு சுடர்தான் தெரியும். அது என்ர பிழை, நான் அவ்வளவு மட்டமா ஒட்டியிருக்கக் கூடாது."

"ஓம். பிறகு?"

"உருண்டையை உடைச்சால் ஒவ்வொரு துண்டும் வளைஞ்சிருக்கும். வளைஞ்ச துண்டு ஒவ்வொண்டும் தனிக் கண்ணாடி. புடைச்ச பக்கத்தைக் கீழ பார்க்க வைச்சு, ஒண்டுக்கொண்டு மட்டம் பார்க்காமல் பதிக்கவேணும். அப்ப ஒவ்வொரு துண்டிலயும் ஒரு முழுச் சுடர் சின்னதாத் தெரியும், நீர் எங்க இருந்து பார்த்தாலும்."